ஆண்டின் சிறந்த ஆல்பம் எப்படித் தேர்வாகிறது? கனடாவின் போலாரிஸ் இசைப் பரிசு: ஓர் எளிய அறிமுகம்

2014 செப்டம்பரில், கனடாவின் அந்த ஆண்டுக்கான சிறந்த ஆல்பத்தை அறிவிக்கும் விழா டொராண்டோவில் நடந்தது. இறுதிச் சுற்றில் பத்து ஆல்பங்கள் இருந்தன. அவற்றுள் ஒன்று, உலகமெங்கும் விற்பனையில் முன்னணியில் நின்ற ராப் பாடகர் ட்ரேக்கின் ‘நத்திங் வாஸ் த சேம்’. இன்னொன்று, அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன்பே கிராமி விருதைப் பெற்றிருந்த ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘ரிஃப்ளெக்டர்’. பரிசு இந்த இரண்டில் எதற்கும் போகவில்லை. கனடாவின் வடகோடியில் உள்ள நுனாவுட் பிரதேசத்தின் கேம்பிரிட்ஜ் பே என்னும் சிற்றூரைச் சேர்ந்த, ஆர்க்டிக் பகுதிப் பழங்குடியான இனுயிட் இனத்துப் பாடகி டான்யா டகாக்கின் ‘அனிமிசம்’ என்ற ஆல்பம் அதை வென்றது. இனுயிட் பெண்கள் இருவர் இருவராக எதிரெதிரே நின்று பாடும் தொண்டைப் பாட்டை அவர் தனியாளாகப் பாடுகிறார். உறுமலும் மூச்சொலியும் முனகலுமாக எழும் அந்தக் குரலுடன் வயலினும் டிரம்ஸும் சேர்ந்து போகின்றன. வானொலியில் அடிக்கடி ஒலிக்கும் தன்மை அந்த இசைக்குக் கிடையாது. அதைக் கேட்டுப் பழகவே சற்று நேரம் தேவைப்படும்.

விற்பனையை அளவுகோலாகக் கொண்ட எந்த விருதிலும் இப்படியொரு முடிவு வந்திருக்காது. பல்லாயிரம் பேர் வாக்களிக்கும் விருதிலும் பெரும்பாலும் வந்திருக்காது. போலாரிஸ் இசைப் பரிசில் அது வந்ததற்குக் காரணம், அந்தப் பரிசு அமைக்கப்பட்டிருக்கும் முறைதான். ஒரு பரிசின் குணம் அதன் பெயரிலோ தொகையிலோ இல்லை, யார் எந்த விதியின்படி முடிவெடுக்கிறார்கள் என்பதில் இருக்கிறது என்பதே என் கருத்து. அந்த விதிகளை ஒவ்வொன்றாகப் பார்த்தால், ‘ஆண்டின் சிறந்த ஆல்பம்’ என்னும் அறிவிப்புக்கு உண்மையில் என்ன பொருள் என்பது தெளிவாகும்.

முதலில் பொதுவான ஒரு பாகுபாட்டைத் தெரிந்துகொள்வது நல்லது. இசை விருதுகளை, முடிவெடுக்கும் முறையை வைத்து மூன்று வகையாகப் பிரிக்கலாம். எது அதிகம் விற்றது, எது அதிகம் ஒலித்தது என்று எண்ணிப் பார்த்துத் தரப்படுபவை முதல் வகை. இசைத் துறையைச் சேர்ந்த உறுப்பினர்கள் பெருந்திரளாக வாக்களித்துத் தருபவை இரண்டாம் வகை. அமெரிக்காவின் கிராமி விருது இதற்கு நன்கறியப்பட்ட எடுத்துக்காட்டு. கனடாவில் 1970 முதல் வழங்கப்பட்டுவரும் ஜூனோ விருதுகளும் துறை சார்ந்தவையே. அவற்றின் சில பிரிவுகளில் விற்பனையும் கணக்கில் எடுத்துக்கொள்ளப்படுகிறது. விமர்சகர்களும் இசையைத் தொடர்ந்து கேட்டு எழுதுபவர்களும் அடங்கிய நடுவர் குழு கூடி விவாதித்துத் தரும் பரிசு மூன்றாம் வகை. போலாரிஸ் இந்த மூன்றாம் வகையைச் சேர்ந்தது.

இரண்டாம் வகைக்கும் மூன்றாம் வகைக்கும் உள்ள வேறுபாடு மேலோட்டமாகப் பார்த்தால் சிறியதாகத் தோன்றலாம். ஆயினும் விளைவில் அது மிகப் பெரியது. பத்தாயிரம் பேர் வாக்களிக்கும்போது, அந்தப் பத்தாயிரம் பேரும் பட்டியலில் உள்ள எல்லா ஆல்பங்களையும் முழுமையாகக் கேட்டிருப்பார்கள் என்று எதிர்பார்க்க முடியாது. கேட்டவற்றுள்தான் அவர்கள் தேர்ந்தெடுப்பார்கள். எல்லோரும் கேட்டிருக்கக்கூடியது ஏற்கெனவே புகழ்பெற்ற ஆல்பமாகத்தான் இருக்கும். எனவே யாருக்கும் கெட்ட எண்ணம் இல்லாமலேயே, திரள் வாக்கெடுப்பு புகழின் பக்கம் சாய்ந்துவிடுகிறது. பத்துப் பேர் மட்டும் ஓர் அறையில் உட்கார்ந்து, பத்து ஆல்பங்களையும் கேட்டாக வேண்டும் என்ற கடமையோடு பேசும்போது அந்தச் சாய்வு குறைகிறது. அதற்குப் பதிலாக வேறு சில சாய்வுகள் வந்து சேர்கின்றன. அவற்றைப் பின்னர் பார்ப்போம்.

நடுவர் குழு தரும் ஆல்பம் பரிசு என்ற இந்த அமைப்பு கனடாவில் பிறந்ததன்று. 1992இல் பிரிட்டனில் தொடங்கப்பட்ட மெர்க்குரி பரிசுதான் இதற்கு முன்னோடி. பெயர்கூட அதன் முதல் புரவலராக இருந்த ஒரு தொலைத்தொடர்பு நிறுவனத்திடமிருந்து வந்ததே. பிரிட்டனையும் அயர்லாந்தையும் சேர்ந்த கலைஞர்களின் ஆல்பங்களிலிருந்து பன்னிரண்டைத் தேர்ந்தெடுத்து, அவற்றுள் ஒன்றுக்குப் பரிசளிப்பது அதன் முறை. முதல் பரிசை பிரைமல் ஸ்க்ரீம் குழுவின் ‘ஸ்க்ரீமடெலிகா’ பெற்றது. அதன் நடுவர்கள் எதிர்பாராத முடிவுகளுக்குப் பெயர்போனவர்கள்: 1997இல் ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ பட்டியலில் இருந்தும், டிரம் அண்ட் பேஸ் என்னும் வேகத் தாள மின்னணு இசையை அமைத்த ரோனி சைஸ், ரெப்ரசென்ட் குழுவின் ‘நியூ ஃபார்ம்ஸ்’ ஆல்பத்துக்குப் பரிசு சென்றது; 2016இல், அதே ஆண்டு மறைந்த டேவிட் போவியின் ‘பிளாக்ஸ்டார்’ பட்டியலில் இருந்தும், லண்டனில் உருவான ‘கிரைம்’ என்னும் ராப் சார்ந்த இசை வகையின் கலைஞர் ஸ்கெப்டாவின் ‘கொன்னிசிவா’ வென்றது. தமிழ் வாசகர்களுக்கு ஆர்வமூட்டக்கூடிய ஒரு செய்தியும் உண்டு. தியாகராஜரின் கீர்த்தனையை மேற்கத்தியக் கருவிகளோடு பாடிய சுசீலா ராமனின் ‘சால்ட் ரெய்ன்’ 2001ஆம் ஆண்டுப் பட்டியலிலும், ஈழத்தமிழ்ப் பின்னணியிலிருந்து வந்த எம்.ஐ.ஏ.வின் ‘அருளர்’ 2005ஆம் ஆண்டுப் பட்டியலிலும் இடம்பெற்றன. முதன்மைப் பரிசு இருவருக்கும் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்தப் பன்னிரண்டில் ஒன்றாக இருந்ததே அவர்களைப் புதிய கேட்போரிடம் கொண்டு சேர்த்தது.

இதே வடிவத்தைப் பின்பற்றி, இசைத் துறையில் பணியாற்றிவந்த ஸ்டீவ் ஜோர்டான் என்பவர் 2006இல் கனடாவில் போலாரிஸ் பரிசைத் தொடங்கினார். அந்த ஆண்டு முதல் பரிசை வென்றது, ஓவன் பாலெட் என்ற வயலின் கலைஞர் ‘ஃபைனல் ஃபேன்டசி’ என்னும் புனைபெயரில் வெளியிட்ட, நரம்பிசை நால்வர் குழுவை மையமாகக் கொண்ட ஆல்பம். அப்போது பரிசுத் தொகை 20,000 கனடிய டாலர். பின்னர் அது 30,000 ஆகி, 2015இல் 50,000 ஆக உயர்ந்தது.

மெர்க்குரியிலிருந்து போலாரிஸ் விலகிய இடங்கள் சில உண்டு; கனடியப் பரிசின் சிறப்பே அவற்றில்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். முதலாவது, நுழைவுக் கட்டணம். மெர்க்குரி பரிசுக்கு ஆல்பத்தை இசை நிறுவனம் கட்டணம் செலுத்தி அனுப்ப வேண்டும். போலாரிஸுக்கு அப்படி யாரும் விண்ணப்பிக்க வேண்டியதில்லை, கட்டணமும் கிடையாது. தகுதிக் காலத்துக்குள் வெளியான எந்தக் கனடிய ஆல்பத்தையும் நடுவர்கள் தாமாகவே முன்மொழியலாம். பெரிய நிறுவனம் வெளியிட்டதும், தனியொருவர் தம் அறையில் பதிவுசெய்து இணையத்தில் நேரடியாக வெளியிட்டதும் இங்கே ஒரே வரிசையில் நிற்கின்றன. ஒரு சிறு கலைஞருக்கு இந்த ஒரு விதி எவ்வளவு பெரிய கதவைத் திறந்துவிடுகிறது என்பதை எவ்வளவு அழுத்திச் சொன்னாலும் தகும்.

இரண்டாவது, நடுவர்களின் எண்ணிக்கை. மெர்க்குரியில் ஏறத்தாழ பத்துப் பன்னிரண்டு பேர் கொண்ட ஒரே குழு, தொடக்கம் முதல் இறுதி வரை எல்லாவற்றையும் முடிவு செய்கிறது. போலாரிஸில் ஏறக்குறைய இருநூறு நடுவர்கள் இருக்கிறார்கள். நாட்டின் பல பகுதிகளைச் சேர்ந்த இதழாளர்கள், வானொலி ஒலிபரப்பாளர்கள், இணையத்தில் இசைபற்றி எழுதுபவர்கள் ஆகியோர் இதில் அடங்குவர். கலைஞர்களோடு நேரடிப் பண உறவு உள்ளவர்கள் நடுவராக முடியாது. இசை நிறுவனத்தில் வேலை பார்ப்பவரோ, கலைஞரின் மேலாளரோ இந்தக் குழுவில் இருப்பதற்கில்லை.

இனி, தேர்வு நடக்கும் விதத்தைச் சற்று நெருங்கிப் பார்ப்போம். ஒவ்வொரு நடுவரும் அந்த ஆண்டில் தமக்குச் சிறந்தவையாகப் பட்ட ஐந்து ஆல்பங்களை வரிசைப்படுத்தி அனுப்புகிறார். முதலிடத்துக்கு ஐந்து புள்ளி, இரண்டாம் இடத்துக்கு நான்கு என்று இறங்கி, ஐந்தாம் இடத்துக்கு ஒரு புள்ளி. எல்லோருடைய புள்ளிகளையும் கூட்டி, மேலே வரும் நாற்பது ஆல்பங்கள் நெடும்பட்டியலாக அறிவிக்கப்படுகின்றன. பிறகு நடுவர்கள் அந்த நாற்பதுக்குள் மறுபடியும் வாக்களிக்கிறார்கள்; அதிலிருந்து பத்து ஆல்பங்கள் கொண்ட குறும்பட்டியல் உருவாகிறது.

இந்தப் புள்ளி முறையில் ஒரு நுட்பம் இருக்கிறது. எட்டு நடுவர்கள் ஓர் ஆல்பத்தை முதலிடத்தில் வைத்தால் அதற்கு நாற்பது புள்ளி. நாற்பது நடுவர்கள் இன்னோர் ஆல்பத்தை ஐந்தாம் இடத்தில் வைத்தாலும் அதே நாற்பது புள்ளிதான். ஆக, மிகச் சிலர் உயிராக நேசிக்கும் ஆல்பமும், மிகப் பலர் ‘நன்றாக இருக்கிறது’ என்று ஒப்புக்கொள்ளும் ஆல்பமும் பட்டியலில் பக்கத்தில் பக்கத்தில் வந்து அமர முடியும். நேசத்தின் அளவுக்கும் பரப்புக்கும் ஒருங்கே இடம் தரும் இந்த ஏற்பாட்டினால்தான், குறும்பட்டியலில் பிரபலமான பெயர்களுக்கு நடுவே யாரும் கேள்விப்படாத ஒன்றிரண்டு பெயர்கள் ஆண்டுதோறும் தலைகாட்டுகின்றன.

இதுவரை நடந்தது வெறும் கூட்டல்தான். மூன்றாம் கட்டத்தில் கூட்டல் நின்று, பேச்சு தொடங்குகிறது. பெரிய நடுவர் குழுவிலிருந்து பதினொரு பேர் தேர்ந்தெடுக்கப்பட்டு ‘கிராண்ட் ஜூரி’ எனப்படும் இறுதிக் குழுவாக அமர்கிறார்கள். பத்து ஆல்பங்களையும் பற்றி அவர்கள் விவாதித்து, விழா நடக்கும் இரவிலேயே, தனி அறையில் இறுதி வாக்கைச் செலுத்துகிறார்கள். முந்தைய சுற்றுகளில் எந்த ஆல்பம் எத்தனை புள்ளி பெற்றது என்பது இங்கே செல்லுபடியாகாது; பத்தும் சமநிலையிலிருந்து தொடங்குகின்றன. வென்றது எது என்பது மேடையில் உறை பிரிக்கப்படும்வரை கலைஞர்களுக்கும் தெரியாது.

பேச்சு என்ன மாற்றத்தைச் செய்யும் என்று கேட்கலாம். வாக்குச்சீட்டில் ஒருவருடைய விருப்பம் எண்ணாக மாறி நின்றுவிடுகிறது. அறையில் அந்த விருப்பம் காரணத்தோடு வந்தாக வேண்டும். ‘எனக்குப் பிடித்திருக்கிறது’ என்று சொல்லி அங்கே யாரும் ஒதுங்க முடியாது. மூன்றாவது பாட்டுக்கும் நான்காவது பாட்டுக்கும் இடையில் என்ன நடக்கிறது, இந்தக் குரல் ஏன் இப்படிப் பதிவுசெய்யப்பட்டிருக்கிறது, இதற்கு முன் இதை யாராவது செய்திருக்கிறார்களா என்றெல்லாம் பேச வேண்டியிருக்கிறது. முதல் கேட்பில் விலக்கி வைத்த ஆல்பத்தை, மற்றொருவர் அதை விரித்துச் சொன்ன பிறகு மறுபடி கேட்டு மனம் மாறுவது இசை கேட்பவர்கள் எல்லோரும் அறிந்த அனுபவம். டகாக்கின் ஆல்பம் போன்ற, எடுத்த எடுப்பில் பிடிகொடுக்காத படைப்புக்கு அப்படியொரு வாய்ப்பு மற்ற முறைகளில் கிடைப்பதில்லை.

2018ஆம் ஆண்டுக் குறும்பட்டியலைப் பார்த்தால், இறுதிக் குழுவின் வேலை எவ்வளவு கடினம் என்பது விளங்கும். ஜான்-மிஷேல் பிளேயின் பியானோ இசை, டேனியல் சீசரின் ஆர் அண்ட் பி பாடல்கள், ஸ்னாட்டி நோஸ் ரெஸ் கிட்ஸ் குழுவின் ராப், ஆல்வேஸ் குழுவின் கிட்டார் பாப் எல்லாம் அதில் இருந்தன. பியானோ ஆல்பத்தையும் ராப் ஆல்பத்தையும் எந்தத் தராசில் வைத்து நிறுப்பது? போலாரிஸ் விதிகள் இதற்குத் தரும் விடை ‘கலைத் தகுதி’ என்ற ஒரே சொற்றொடர்தான். இசை வகை, விற்பனை, நிறுவனம் ஆகியவற்றைக் கணக்கில் எடுக்கக் கூடாது என்று விதிகள் விலக்குகின்றன. எதைக் கணக்கில் எடுக்க வேண்டும் என்பதை நடுவர்களுக்கே விட்டுவிடுகின்றன. இது குறை என்று சிலர் சொல்வதுண்டு. நான் அப்படி நினைக்கவில்லை. கலைத் தகுதியைப் பத்து உட்பிரிவுகளாக உடைத்து மதிப்பெண் போடச் சொன்னால், எல்லாப் பிரிவிலும் சுமாராக இருக்கும் ஆல்பமே வெல்லும்.

அந்த ஆண்டு வென்ற ஆல்பத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். நியூ பிரன்ஸ்விக் மாநிலத்தில் டோபிக் என்னும் பழங்குடிச் சமூகத்தைச் சேர்ந்த ஜெரமி டட்சர், மேற்கத்தியச் செவ்வியல் முறையில் பயிற்சி பெற்ற பாடகர். அவருடைய மூதாதையரின் பாடல்கள் 1900களின் தொடக்கத்தில் ஒரு மானுடவியலாளரால் அக்கால ஒலிப்பதிவுச் சாதனமான மெழுகு உருளைகளில் பதிவுசெய்யப்பட்டு, பின்னர் கனடிய வரலாற்று அருங்காட்சியகத்தில் கிடந்தன. தம் சமூகத்து மூதாட்டி ஒருவர் சொல்லி அந்தப் பதிவுகளைத் தேடிச் சென்ற டட்சர், கீறலும் இரைச்சலுமாக இருந்த அவற்றைத் திரும்பத் திரும்பக் கேட்டு, ராகத்தையும் சொற்களையும் எழுதியெடுத்து, பியானோவும் நரம்பிசையும் சேர்த்துப் புதிதாக அமைத்தார். சில பாடல்களில் அந்தப் பழைய உருளையின் குரலே ஒலிக்க, அதோடு சேர்ந்து அவர் பாடுகிறார். ஆல்பம் முழுவதும் அவருடைய மூதாதையரின் வொலஸ்டொகெய் மொழியில் அமைந்தது. அதைச் சரளமாகப் பேசக்கூடியவர்கள் இன்று ஏறக்குறைய நூறு பேர் மட்டுமே. பரிசை ஏற்றுப் பேசும்போது, கனடா இப்போது ஒரு பழங்குடி மறுமலர்ச்சியின் நடுவில் இருக்கிறது என்றும், சொல்லப்பட வேண்டிய உண்மைகளைக் கேட்கத் தயாரா என்றும் அவர் அவையைப் பார்த்துக் கேட்டார்.

‘ஆல்பம்’ என்ற அலகுக்கு ஏன் தனியே ஒரு பரிசு வேண்டும் என்பதற்கு டட்சரின் படைப்பே நல்ல விளக்கம். அதிலிருந்து ஒரு பாட்டை மட்டும் உருவி எடுத்துக் கேட்டால், அழகான குரல், அழகான பியானோ என்பதற்கு மேல் அதிகம் புரியாது. முதலிலிருந்து கடைசி வரை கேட்கும்போதுதான் நூறாண்டுக்கு முந்தைய குரலும் இன்றைய குரலும் மெல்ல மெல்ல நெருங்கிவருவது தெரிகிறது. பாடல்களின் வரிசை, இடையில் விடப்படும் அமைதி, ஒரு சுருதி திரும்ப வரும் இடம் ஆகியவை சேர்ந்துதான் ஆல்பம் என்ற வடிவம் உண்டாகிறது. பாடல்களைத் தனித்தனியாகக் கலைத்துக் கேட்கும் வழக்கம் பெருகிவிட்ட காலத்தில், நாற்பது நிமிடங்களை ஒரே படைப்பாகக் கருதி மதிப்பிடும் பரிசுக்கு முன்பைவிடத் தேவை கூடியிருக்கிறது.

இந்தப் பரிசைச் சுற்றி எழுந்த சச்சரவுகளும் அதன் இயல்பைப் புரிந்துகொள்ள உதவும். 2010இல் மொன்ட்ரியால் நகரத்து கார்க்வா குழு, முழுக்க பிரெஞ்சு மொழியில் அமைந்த ஆல்பத்துக்காகப் பரிசு பெற்றபோது, ஆங்கிலம் பேசும் பகுதிகளில் பலர் அந்தப் பெயரையே முதல் முறையாகக் கேள்விப்பட்டார்கள். யாருக்கும் தெரியாதவர்களுக்கு ஏன் தருகிறீர்கள் என்று கேட்டார்கள். மறு ஆண்டு ஆர்கேட் ஃபயர் குழுவின் ‘தி சபர்ப்ஸ்’ வென்றது. அது அதே ஆண்டு பிப்ரவரியில் கிராமியின் ஆண்டின் சிறந்த ஆல்பம் விருதையும் பெற்றிருந்தது. இப்போது கேள்வி தலைகீழாக மாறி, எல்லோருக்கும் தெரிந்தவர்களுக்கு இன்னொரு பரிசு எதற்கு என்று கேட்கப்பட்டது. இரண்டு கேள்விகளுக்கும் விடை ஒன்றே. புகழ் ஒரு தகுதியாகக் கருதப்படாத இடத்தில், புகழின்மையும் தகுதியாகக் கருதப்பட முடியாது. விற்பனையைப் பார்க்கக் கூடாது என்ற விதி இரு பக்கமும் பொருந்துவதுதான் நேர்மை.

2013இல் நிகழ்ந்தது வேறு விதம். சொற்களே இல்லாத நீண்ட கருவியிசைக்குப் பெயர்பெற்ற காட்ஸ்பீட் யூ! பிளாக் எம்பரர் குழு வென்றது. குழுவினர் விழாவுக்கே வரவில்லை. நாடு பொருளாதார நெருக்கடியில் இருக்கும்போது பெருநிறுவனங்களின் புரவலில் ஆடம்பர விழா நடத்துவது சரியல்ல என்று கண்டித்து அறிக்கை வெளியிட்டார்கள். பரிசுத் தொகையான 30,000 டாலரைக் கொண்டு, கியூபெக் மாநிலச் சிறைகளில் உள்ளவர்களுக்கு இசைக்கருவிகள் கிடைக்க ஏற்பாடு செய்யப்போவதாகவும் அறிவித்தார்கள். அந்தக் கண்டனத்தில் நியாயம் இருந்தது என்றே கருதுகிறேன். கலைத் தகுதியை மட்டும் பார்ப்போம் என்று சொல்லும் பரிசு, தன்னைக் கண்டிப்பவர்களுக்கும் பரிசளிக்க வேண்டிய நிலை வரும்போதுதான் அந்தச் சொல் சோதிக்கப்படுகிறது. நடுவர்கள் அந்தச் சோதனையில் தேறினார்கள்.

2017ஆம் ஆண்டுப் பட்டியல் இன்னும் கடினமான சோதனை. லெனர்ட் கோஹனின் ‘யூ வான்ட் இட் டார்க்கர்’ அதில் இருந்தது. அது வெளியான சில வாரங்களிலேயே, 2016 நவம்பரில் அவர் மறைந்துவிட்டார். மூளைப் புற்றுநோயால் பாதிக்கப்பட்டிருந்த கோர்ட் டவுனியின் ‘சீக்ரெட் பாத்’ ஆல்பமும் இருந்தது. விழாவுக்கு அடுத்த மாதம் அவரும் காலமானார். நாடே போற்றிய அந்த இருவரில் ஒருவருக்குப் பரிசு கொடுத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். நடுவர்கள் கொலம்பியாவில் பிறந்து கனடாவில் குடியேறிய லீடோ பிமியென்டாவின், ஸ்பானிய மொழியில் அமைந்த ‘லா பாபெசா’வைத் தேர்ந்தெடுத்தார்கள். அஞ்சலியும் பரிசும் வெவ்வேறு காரியங்கள் என்பதை அவர்கள் மறக்கவில்லை.

நடுவர் முறைக்கு உரிய சாய்வுகள் உண்டு என்று முன்பு சொன்னேன். விமர்சகர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரியான பின்னணியிலிருந்து வந்தால், அவர்கள் தேர்வும் ஒரே திசையில் போகும். போலாரிஸின் முதல் ஆண்டுகளில் கிட்டார் இசையும், பெரிய நிறுவனங்களைச் சாராத ‘இண்டி’ ராக்கும்தான் பெரும்பாலும் மேலோங்கி நின்றன. ட்ரேக், ஷாட் போன்ற ராப் பாடகர்கள் குறும்பட்டியல் வரை வந்தும், ராப் சார்ந்த ஹிப்-ஹாப் ஆல்பம் ஒன்று முதன்முறையாக வென்றது 2019இல்தான். ஹேவியா மைட்டியின் ‘13த் ஃப்ளோர்’ அது. அதற்குப் பிறகு 2020இல் சாம்பியாவில் பிறந்த பேக்வாஷ், 2021இல் எட்மண்டனைச் சேர்ந்த கேடன்ஸ் வெப்பன் என்று வரிசையாக ராப் கலைஞர்கள் வென்றார்கள். கேடன்ஸ் வெப்பன் 2006இல், பரிசின் முதலாண்டிலேயே குறும்பட்டியலில் இருந்தவர். வெல்ல அவருக்குப் பதினைந்து ஆண்டுகள் ஆயின. இந்த இடைவெளியில் மாறியது இசையைவிட, அதைக் கேட்டு முடிவெடுத்த நடுவர் குழுதான் என்பது என் கணிப்பு. மெர்க்குரி பரிசிலும் இதே குறை உண்டு: மெட்டல் இசை அதன் பட்டியலில் அநேகமாக இடம்பெறுவதே இல்லை; ஜாஸ் ஆல்பங்கள் பல ஆண்டுகள் பட்டியலில் வந்து போயும், ஒரு ஜாஸ் குழு வென்றது 2023இல், எஸ்ரா கலெக்டிவ் மூலம்தான்.

தகுதி விதிகளைப் பற்றியும் ஒரு வார்த்தை. கலைஞர் கனடியக் குடிமகனாகவோ நிரந்தர வசிப்புரிமை பெற்றவராகவோ இருக்க வேண்டும். இந்த விதி எவ்வளவு முக்கியம் என்பது 2025இல் வெளிப்பட்டது. 2015இல் பரிசு வென்ற பாடகி பஃபி செயின்ட்-மேரி கனடியக் குடியுரிமை இல்லாதவர் என்பது அவருடைய அறிக்கையிலிருந்தே உறுதியானபின், அவருக்கு வழங்கிய பரிசுகளைப் போலாரிஸ் அமைப்பு திரும்பப் பெற்றது. நாட்டின் பெயரால் தரப்படும் பரிசு என்றால், அந்த நாட்டைச் சேர்ந்தவர் யார் என்ற கேள்வியையும் அது எதிர்கொண்டுதான் ஆக வேண்டும். பிரிட்டனிலும் இதே கேள்வி எழுந்து, நெடுங்காலம் அங்கே வாழ்ந்துவரும் வேற்று நாட்டுக் குடிமக்களையும் சேர்த்துக்கொள்ளும்படி மெர்க்குரியின் விதி 2021இல் தளர்த்தப்பட்டது.

பரிசு கிடைத்தால் கலைஞரின் வாழ்க்கை உடனே மாறிவிடும் என்று எண்ணிவிடக் கூடாது. பலருக்கு விற்பனையும் மேடை வாய்ப்புகளும் கூடியிருக்கின்றன. ஆனால் 2009இல் மெர்க்குரி பரிசு பெற்ற ஸ்பீச் டிபெல்லின் ஆல்பம், வென்ற பிறகும் எதிர்பார்த்த அளவு விற்கவில்லை. விற்பனையைப் பார்க்காமல் தரப்படும் பரிசு விற்பனைக்கு உத்தரவாதம் தராததில் வியப்பில்லை. போலாரிஸில் குறும்பட்டியலில் இடம்பெற்று வெல்லாதவர்களுக்கும் ஒரு தொகை கிடைக்கிறது. குறும்பட்டியலில் உள்ள ஒவ்வோர் ஆல்பத்துக்கும் ஓவியர் ஒருவரைக் கொண்டு தனிச் சுவரொட்டி வரையச் செய்யும் அழகிய வழக்கமும் இருக்கிறது. 2006க்கு முந்தைய ஆல்பங்களுக்காக 2015 முதல் ‘பாரம்பரியப் பரிசு’ ஒன்றும் வழங்கப்படுகிறது; அதன் முதல் ஆண்டில் சிறப்பிக்கப்பட்டவற்றுள் ஜோனி மிட்செலின் ‘ப்ளூ’ ஒன்று.

புதிதாக இந்தப் பரிசைப் பின்தொடர விரும்புபவர் வென்ற ஆல்பத்தோடு நின்றுவிட வேண்டாம் என்பதே என் பரிந்துரை. இருநூறு பேரின் வாக்குகளிலிருந்து உருவான குறும்பட்டியல்தான் அந்த ஆண்டின் கனடிய இசையை அகலமாகக் காட்டுகிறது. வென்ற ஆல்பம், ஓர் இரவில் பதினொரு பேர் வந்தடைந்த உடன்பாடு. வேறு பதினொரு பேர் அமர்ந்திருந்தால் வேறு முடிவு வந்திருக்கக்கூடும், அதுவும் நேர்மையான முடிவாகவே இருந்திருக்கும். பழைய பட்டியல்களிலிருந்து தொடங்குவதானால், டட்சரின் 2018ஆம் ஆண்டு ஆல்பத்தையும், 2024இல் அவருக்கு இரண்டாம் முறையாகப் பரிசு பெற்றுத் தந்த ‘மொடெவொலோனுவொக்’கையும் அடுத்தடுத்துக் கேட்கலாம், இருமுறை வென்ற முதல் கலைஞர் அவர். ஆப்பிரிக்காவின் லிங்காலா, பிரெஞ்சு, ஆங்கிலம் என்று பல மொழிகளில் பாடும் பியர் க்வென்டர்ஸின் 2022ஆம் ஆண்டு ஆல்பம் நடனத்துக்கு ஏற்றது. பழகாத காதுக்கும் எளிதில் பிடிக்கும். டகாக்கின் ‘அனிமிசம்’ ஆல்பத்தைக் கடைசியாக வைத்துக்கொள்வது நல்லது. அதை வேறு வேலை எதுவும் செய்யாமல், நல்ல ஹெட்ஃபோனில், ஒரே அமர்வில் கேட்க வேண்டும்.

வழக்கமாக ஜூன் மாதத்தில் நெடும்பட்டியலும், ஜூலையில் குறும்பட்டியலும் வெளியாகின்றன. முடிவு செப்டம்பரில் வருகிறது. பத்து ஆல்பங்களை முழுதாகக் கேட்டு, ஐந்தை வரிசைப்படுத்தி, ஏன் அந்த வரிசை என்று ஒவ்வொன்றுக்கும் இரண்டு வரி எழுதிப் பார்க்க அந்த இடைவெளி தாராளமாகப் போதும்.